குழியில் இறங்க ஒருவன்

துப்பாக்கிக் கட்டை இரண்டாம் தடவை இறங்கியதும் ஷாயிஃபின் இடது கை விரல்கள் கல்லின் மேல் நசுங்கின. கத்தக்கூட முடியவில்லை, வாய் முழுக்க ரத்தம். பட்டறையிலிருந்து அவனைத் தரதரவென்று இழுத்து வந்து, மல்லாந்து கிடந்த தண்ணீர் லாரியின் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

"பழைய கியரப் போட்டுட்டுப் புதுசுன்னு சொன்னியா இல்லையா?" ரத்மான் மறுபடி கட்டையை ஓங்கினான்.

"புதுசுதான்... அல்லா மேல ஆணையா புதுசுதான்."

"ஆணை வேறயா, நாயே! என் தம்பி மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னாடி நீ போயிருப்ப."

தம்பி முஸன்னாவின் உடலை வீட்டில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை அவன் லாரியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு மலைச் சரிவில் இறங்கியபோது பின்சக்கரங்கள் இரண்டும் திடீரென்று பூட்டிக்கொண்டன. லாரி வளைவில் வழுக்கி, கீழே காட் செடி வயலுக்குள் உருண்டது. போன மாதம்தான் ஷாயிஃப் அதன் பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியல் பெட்டியைப் பிரித்துக் கியர் மாற்றியிருந்தான். அவன் மேல் பழி போட ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்போதுதான் அண்ணன் தம்பி இருவருக்கும் தகப்பனான காயித் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் ஸ்பானர். வாலிபம் முழுக்க அந்த மலையில் லாரி ஓட்டியவர். பிள்ளையின் உடம்பருகில் இருக்க வேண்டியவர் இங்கே வந்ததற்குக் காரணம் இருந்தது. செத்தவனின் தகப்பன் அவர். ரத்தத்துக்கு ரத்தம் கேட்பதும் விடுவதும் அவர் வாயில்தான் இருந்தது. அவர் தலையை ஆட்டினால் ஷாயிஃப் அந்தக் கல்லிலேயே முடிந்துவிடுவான்.

"பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.

"பிரிக்க என்ன இருக்கு வாப்பா? அஸர் தொழுகைக்கு முன்னாடி அடக்கணும், நேரமில்ல."

"மையத்து எங்கயும் ஓடிப் போயிடாது. நீ வாய மூடு."

லாரி மல்லாந்து கிடந்ததால் குனிய வேண்டிய வேலைகூட இல்லை. இரண்டு பேர் ஆக்சில்களை உருவ, காயித் நட்டுகளைக் கழற்றினார்.

"இடது பக்கம் மேல ஒரு நட்டு அடம் பிடிக்கும் சாச்சா," என்றான் கீழே கிடந்த ஷாயிஃப். "நீள ஸ்பானரா போடுங்க." கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

கியர் வெளியே வந்ததும் கருகிய நெடி மூக்கில் ஏறியது. காயித் கிரவுன் பல்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தப்பாகப் பொருத்தியிருந்தால் பல்லின் ஓரம் கடிபட்டிருக்கும். பழைய கியராக இருந்தால் முனை தேய்ந்து கூராகியிருக்கும். இங்கே ஒவ்வொரு பல்லிலும் உரசிய தடம் நட்டநடுவில் ஒழுங்காகப் படிந்திருந்தது. ஆனால் பல்லெல்லாம் வெந்து நீலம் பாரித்திருந்தன. பினியன் பேரிங் உருகித் தண்டோடு ஒட்டிக் கிடந்தது. உள்ளே ஒரு சொட்டு ஆயில் இல்லை. காய்ந்து வெந்துதான் சக்கரங்கள் பூட்டிக்கொண்டிருந்தன.

ஆயில் எங்கே போயிற்று? வானத்தைப் பார்த்துக் கிடந்த பெட்டியின் அடிப்பக்கத்தைக் கையால் தடவினார். பாறை கீறிய தழும்பு. அதன் முனையில் ஒரு விரிசல். விரிசலில் துணியைத் திணித்து மேலே சோப்பை அப்பியிருந்தது. நடுவழியில் பெட்டி உடைந்தால் எந்த டிரைவரும் செய்கிற காரியம்தான். வீடு வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். முந்தின நாள் ஆற்றுப் படுகைக்கு லாரியை எடுத்துப் போனவன் சொல்லவில்லை.

நகத்தால் சோப்பைப் பெயர்த்தார். சிவப்புக் கட்டம் போட்ட துணி கையோடு வந்தது. தலையை நிமிர்த்தி மூத்தவன் ரத்மானின் தலைத்துண்டைப் பார்த்தார். அதன் ஒரு மூலை கிழிந்திருந்தது.

ரத்மானும் துணியைப் பார்த்துவிட்டான். "இவன விட்டா ஊரு நம்மளக் காறித் துப்பும்!" என்று கத்திக்கொண்டே துப்பாக்கியை ஷாயிஃபின் நெற்றிக்குத் திருப்பினான். காயித் ஸ்பானரால் துப்பாக்கிக் குழாயை அடித்தார். குண்டு லாரியின் தொட்டியைத் துளைத்துக்கொண்டு போனது. இரண்டாவது அடி ரத்மானின் முழங்கையில் விழுந்தது. எலும்பு விட்டுப்போன சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மூன்றாவதாக ஓங்கியது அவன் மண்டைக்கு நேராக நின்றது. அவனை அங்கேயே கொன்று போட வேண்டும் போலிருந்தது காயித்துக்கு. இனி மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான் என்பதும் தெரிந்தது. ஸ்பானரைத் தூர எறிந்தார்.

துணியை ரத்மானின் கைக்குள் வைத்து மூடி, "மூஞ்சியத் தொடச்சுக்க," என்றார் மெதுவாக. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஷாயிஃப் செஞ்ச வேல சுத்தம். தப்பு என் வீட்டுல," என்றார்.

"வீட்டுலன்னா யாரு, காயித்?"

"என் வீட்டுலன்னு சொன்னேன்ல."

இடுப்பிலிருந்த ஜம்பியாக் கத்தியை உறையோடு கழற்றி ஷாயிஃபின் காலடியில் வைத்தார். நீ சொல்லும் தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறேன் என்று அதற்கு அர்த்தம். பிள்ளையைப் பறிகொடுத்தவன் அதைக் கழற்றி வைத்து அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. ஷாயிஃப் நசுங்காத கையால் அதை அவர் பக்கம் தள்ளினான்.

"எடுத்துக் கட்டுங்க சாச்சா," என்றான். "மொதல்ல முஸன்னாவ அடக்குவோம்."

அடக்க இடத்தில் வெயில் இன்னும் தணியவில்லை. உடலைக் குழிக்குள் வாங்க நெருங்கிய ரத்தம்தான் இறங்க வேண்டும். உடைந்த கையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ரத்மான் செருப்பைக் கழற்றினான். மற்றக் கையால் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியின் விளிம்புக்கு வந்தான். காயித் அவன் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டினார். அவனைப் பார்க்கவில்லை.

"ஷாயிஃப், நீ எறங்கு."

ஷாயிஃப் ஒரு கையை ஊன்றி உள்ளே இறங்கினான். வெள்ளைத் துணியில் சுற்றிய முஸன்னாவின் தலைமாட்டைக் காயித் பிடித்துக் கொடுக்க, அவன் தோளை அணைத்து வாங்கி வலப்புறமாகச் சாய்த்துப் படுக்க வைத்தான். மேலே கல் அடுக்கினார்கள், மண் தள்ளினார்கள். மண் மேடாகி எல்லோரும் கலைந்து போகும்வரை ரத்மான் கொதிக்கும் கல்லின் மேல் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான்.