நெஞ்சோடு பிடித்த பந்து

கண்ணாடிப் பட்டறைக்கும் தையல் கூடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு மைதானம். ஞாயிறு மாலை அதில் யார் வாலிபால் ஆடுவது என்பதுதான் வழக்கு. பட்டறை ஆண்கள் அதைப் பாட்டன் சொத்து மாதிரி ஆண்டு வந்தார்கள். தையல் பெண்கள் போய்க் கேட்டதற்கு, ஆடி ஜெயித்து எடுத்துக்கொள்ளச் சொல்லி மீசையை முறுக்கினார்கள். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

பெண்கள் அணிக்குத் தலைவி, சட்டைக்குக் காலர் தைப்பவள். எதிரணியில் நின்றதோ அவள் வீட்டுக்காரர். தோற்றால், வாரமெல்லாம் மிஷின் முன்னால் கூன் போட்டதுதான் மிச்சம், ஓடியாட ஓரிடம் கிடையாது. அன்று காலை காபியைக்கூட அவர் முகத்தைப் பாராமல்தான் நீட்டினாள்.

ஆட்டம் இழுபறியாகப் போனது. ஆண்கள் ஓங்கி அடித்தார்கள். பெண்கள் விழுந்து புரண்டு எடுத்தார்கள். கடைசியில் பெண்களுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளிதான் வேண்டும். அதுதான் வருவேனா என்றது. எவ்வளவு வேகமாக அடித்தாலும் அந்த மனுஷன் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் தூக்கச் சொன்னால் மட்டும் இடுப்பு வலிக்கும்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. லாரியிலிருந்து கண்ணாடிச் சாமானைக் கைமாற்றி இறக்குவது அவர் வேலை. நழுவ விட்டால் தொலைந்தது. வீட்டிலும் டம்ளர் ஏதாவது சரிந்தால், தூக்கக் கலக்கத்தில்கூட நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிடுவார்.

அடுத்த பந்தை அவள் அடிக்கவில்லை. விரல் நுனியால் மெல்லத் தூக்கி, வலைக்கு அந்தப் பக்கம் அவர் மார்புக்கு நேராக இறக்கினாள்.

அவர் இரண்டு கையாலும் வாங்கி, பத்திரமாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

வாலிபாலில் பந்தைப் பிடித்தால் புள்ளி எதிரணிக்கு. பெண்கள் போட்ட கூச்சலில் காது அடைத்தது. பட்டறைக்காரர்களால் அவரைத் திட்டவும் முடியவில்லை. அவர்களில் பாதிப் பேர் கைகளை ஏந்தியபடிதான் நின்றிருந்தார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் கேட்டார். "தெரிஞ்சுதானே அங்க போட்ட?"

"உங்க கைக்கு வந்தா கீழ விழாதுன்னு எனக்குத் தெரியாதா?"

உம்மென்றிருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

அடுத்த ஞாயிறு பெண்கள் ஆடினார்கள். கோட்டைத் தாண்டிப் போன பந்துகளை ஓடி ஓடிப் பிடித்துக் கொடுத்தது அவர்தான். ஒன்றைக்கூடக் கீழே விடவில்லை.