தொண்டையில் ஒன்றுமில்லை

சேதுமாதவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். ஒட்டகத்தின் மூளையிலிருந்து மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றிய துண்டு கால்நடை ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியின் கீழே இருந்தது. ஊதா நிற நரம்பணுக்களுக்குள்ளே சின்னச் சின்னதாய்ச் சிவப்பு உருண்டைகள். கல்லூரியில் படித்ததற்குப் பிறகு இத்தனை பளிச்சென்று அவர் பார்த்ததே இல்லை. பக்கத்து மேசை மஹ்மூதைக் கூப்பிட்டுக் காட்டினார். சூடான்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ரேபிஸ். கலாஸ்" என்று அரபியில் முடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

அமீரகத்தில், அல் ஐனுக்கு வெளியே மணலில் இருக்கும் ஒரு பண்ணையின் ஒட்டகம் அது. பெருநாளுக்கு முன்னால் செத்தது. பண்ணைக்குப் போன மருத்துவர் வழக்கம்போல எல்லா உறுப்பிலும் துண்டெடுத்து ஃபார்மலினில் போட்டு, தொண்டையடைத்துச் செத்ததாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அடைப்பென்றால் யாருக்கு என்ன அவசரம்? விடுமுறை போய், வேறு பண்ணைகளின் வேலை போய், அந்த ஜாடியைத் திறக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நரி ஏதாவது கடித்திருக்கும். வெறிநோய் கண்ட ஒட்டகத்தால் எதையும் விழுங்க முடியாது, எச்சில் ஒழுகும். பார்க்கிறவனுக்குத் தொண்டையில் என்னவோ சிக்கிக்கொண்ட மாதிரிதான் தெரியும்.

முடிவு கேட்டு அந்தப் பண்ணையிலிருந்து ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். வந்தவன் கார்மேகம், அந்த ஒட்டகத்தை மேய்த்தவன், முதுகுளத்தூர்ப் பக்கம். தண்ணீர் லாரியில் தொற்றிக்கொண்டு வந்து காலையிலிருந்து காத்துக்கிடக்கிறான்.

"சார் தமிழுன்னு வெளிய சொன்னாக. நான் கொல்லல சார். பேரீச்சங்கொட்டை மாட்டிக்கிச்சோன்னு முழங்கை வரைக்கும் உள்ள விட்டுத் தேடுனேன். எல்லாரும் செய்யிறதுதான். தொண்டையில ஒண்ணுமில்ல. ரெண்டு நாள்ல செத்துப்போச்சு. நீ கைய விட்டுத்தான் செத்துச்சுன்னு கபீல், அதான் மொதலாளி, பாஸ்போர்ட்ட தரமாட்டேங்குறாரு. லீவுக்குப் போகணும் சார். மகளுக்குக் காதுகுத்து வச்சிருக்கு."

சேதுமாதவன் அவன் கையைப் பார்த்தார். அவன் பேசிக்கொண்டே வலது கையைப் பறட்டுப் பறட்டென்று சொறிந்துகொண்டிருந்தான்.

"கையில என்ன?"

"அதோட பல்லு கிழிச்சது சார். அப்பவே ஆறிப்போச்சு. இப்பத்தான் உள்ளுக்குள்ள விறுவிறுன்னு அரிக்குது. காய்ச்சலும் விட்டபாடில்ல."

அந்த ஜாடி அலமாரியில் சும்மா கிடந்தபோது என்றைக்கு ஊசி போட்டிருந்தாலும் இவன் பிழைத்திருப்பான். அறிகுறி தொடங்கிவிட்டால் எந்த நாட்டு மருந்தும் கேட்காது. பாவி, ஒரு வாரம் முன்னால் திறந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று தன்னைத்தானே வைதுகொண்டார். அவர் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னதும் மஹ்மூது ஆம்புலன்ஸுக்குச் சொல்ல எழுந்து போனார்.

"ஒட்டகம் நோய் வந்துதான் செத்திருக்கு, கார்மேகம். உங்க மேல தப்பில்ல."

"அத எழுதிக் குடுப்பீகளா சார்?"

"குடுக்கறேன்."

கார்மேகம் கையெடுத்துக் கும்பிட்டான். அங்கேயே நின்று ஊருக்குப் போன் போட்டான். "மீனாம்பா, நான் கொல்லலையாம்டி. டாக்டரே சொல்லிட்டாரு. தாய்மாமனுக்குச் சொல்லி விட்டுரு, வந்துருவேன்."

சேதுமாதவன் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தார். நப்பாசைதான். இதை மட்டும் மடக்கென்று குடித்துவிடட்டும், வேறு ஏதாவது காய்ச்சலாகப் போகட்டும் என்று கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு நீட்டினார்.

"இந்தாங்க, குடிங்க."

கார்மேகம் சிரித்த முகத்தோடு வாங்கினான். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. கை உதறி டம்ளர் கீழே விழுந்தது.

"மன்னிச்சுக்கங்க சார். நேத்துலருந்து இப்படித்தான் தண்ணி எறங்க மாட்டேங்குது. வெயிலு."

அவன் தோள்துண்டை எடுத்துக்கொண்டு குத்தவைத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த கை ஈரத்தின் மேலேயே போய்வந்தது. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தான்.