இருபத்தேழு பதினாலு

ஹியூபேட் வேலையை விட்டு ஆறு வருடமாகிறது. ஆனால் நம்பர்தான் அவரை விட்டபாடில்லை. துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் களஞ்சியம் பார்த்த மனிதர். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எல்லாருக்கும் சர்விஸ் நம்பர்தான். 2714 என்றால் ஹியூபேட். இன்றைக்கும் அவருடைய ஃபோன் திறப்பது அந்த நம்பருக்குத்தான். கொட்டாஞ்சேனை வீட்டின் கேற்றிலும் பெயருக்குக் கீழே அதையே பெயின்றால் எழுதி வைத்திருக்கிறார்.

"கல்லறையிலயும் அதைத்தான் வெட்டச் சொல்லுவியள் போல," என்று மனைவி றோஸி பகிடி பண்ணுவாள்.

பிரியாவிடையன்று மனேஜர் தோளில் தட்டி, "இந்த நம்பரை இனி ஒருத்தருக்கும் குடுக்க மாட்டம்," என்று சொன்னாராம். கேக் வெட்டுகிற நேரத்தில் யார்தான் என்ன சொல்லமாட்டார்கள்! இவர் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

மகன் றொஹானின் மனைவி ஷெரோமிக்கு அதே கம்பெனியில் வேலை கிடைத்தது. ஒரு நாள் மாலை செருப்பைக் கழற்றும் முன்னமே ஓடி வந்தாள்.

"மாமா, கண்ணை மூடுங்கோ."

மூடினார். திறந்து பார்த்தால் அவளுடைய கழுத்துப் பட்டியில், கம்பெனி அட்டையில் தொங்குகிறது 2714.

ஹியூபேட்டின் முகத்தில் ஈயாடவில்லை. "நல்லது," என்று ஒரே ஒரு சொல். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்த பிள்ளை அப்படியே நின்றாள்.

மறுநாள் காலை அயர்ன் பண்ணிய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, கோயிலுக்கு என்று றோஸியிடம் பொய் சொல்லிவிட்டு, நேரே கம்பெனிக்குப் போய் அலுவலர் யோகநாதனின் முன்னால் உட்கார்ந்தார்.

"அது என்ர நம்பர். ஒருத்தருக்கும் குடுக்க மாட்டம் எண்டு எனக்கு வாக்குத் தந்தது. மருமகளெண்டாலும் நியாயம் நியாயம்தானே? மாத்துங்கோ."

யோகநாதன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "பொறுங்கோ, அவவையும் கூப்பிடுவம்," என்றார்.

பியோன் வாசலில் நின்று அந்த நம்பரைச் சிங்களத்தில் உரத்துக் கத்தினான்: "விசிஹதய் தாஹதரய்!"

"சேர்!" என்று எழும்பி விறைப்பாக நின்றார் ஹியூபேட். கால்கள் அவரிடம் கேட்கவேயில்லை. அதே நொடியில் வாசலிலும் ஒரு "சேர்!" கேட்டது. ஷெரோமி. மேசைகளிலிருந்து சிரிப்பு கிளம்பியது.

அவள் சிரிக்கவில்லை. பதறிப்போய், "மாமா? மாமிக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டாள்.

"இல்ல மிஸ். மாமா தன்ர நம்பரைத் திருப்பிக் கேக்கிறார்," என்றார் யோகநாதன். பிறகு ஹியூபேட்டின் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தந்த வாக்கை நாங்கள் மறக்கேல்ல. அதை ஒருத்தருக்கும் குடுக்காமத்தான் வச்சிருந்தனாங்கள். இவதான் திரும்பத் திரும்ப வந்து கெஞ்சினவ. 'மாமாவுக்கு அதுதான் உயிர் சேர், வீட்டில ஓராள் அதைப் போட்டுக்கொண்டு வந்தால் எவ்வளவு சந்தோசப்படுவார்' எண்டு."

ஹியூபேட்டுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. "நான் சும்மா... பகிடிக்கு..." என்று இழுத்தார். அந்தப் பகிடிக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஷெரோமி பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "எனக்கு எந்த நம்பரெண்டாலும் ஒண்டுதான் சேர். அது மாமாவுக்கே இருக்கட்டும்." குரலில் கோபம் துளியும் இல்லை. திட்டியிருந்தாலாவது மனிதர் தாங்கியிருப்பார்.

மாலையில் வழக்கம்போல அவருக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். கழுத்தில் வேறு நம்பர். றோஸிதான் அதைக் கவனித்தாள்.

"என்ன பிள்ளை, மாமாவின்ர நம்பர் எங்க?"

"ஒஃபிஸில ஏதோ பிழை நடந்திட்டுதாம் மாமி. மாத்திப்போட்டாங்கள்."

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஹியூபேட் திறக்கவில்லை. தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார்.

றோஸிக்கு முகமெல்லாம் பெருமை. "பாத்தியளே! ஒருத்தருக்கும் குடுக்க மாட்டாங்கள் எண்டு நீங்கள் சொன்னது சரிதான். நான்தான் இவ்வளவு காலமும் உங்களைப் பகிடி பண்ணினன்."

ஷெரோமி குசினிக்குள் போனாள். அவள் திரும்பி வந்து வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு போகும்வரை ஹியூபேட் குனிந்த தலை நிமிரவில்லை.