எஸ்ஸம்மா கேட்ட கேள்வி

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு எஸ்ஸம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். யார் இங்கிலீஷில் என்ன கேட்டாலும் "எஸ்" என்று தலையாட்டிவிடுவாள். சாப்பிட்டாயா என்றாலும் எஸ், உனக்கென்ன பைத்தியமா என்றாலும் எஸ். மற்றவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அவளுக்கோ உள்ளுக்குள் உதறல். இங்கிலீஷ் தெரியும் என்று வாய் கூசாமல் புளுகித்தான் அவளுடைய ஓரகத்தி அவளை இங்கே சேர்த்துவிட்டிருந்தாள். "என்ன?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், குட்டு உடைந்துவிடும். புருஷன் கால் முறிந்து படுத்திருக்கும் வீட்டில் இந்த வேலையும் போனால் அடுப்பு எரியாது.

ஓரகத்தி அவளைச் சும்மா விடவில்லை. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறி, நடுவில் வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். தூக்கிப் பிடித்த விரிப்பு இருவரையும் மறைக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து ஓரகத்தி கேட்பாள்: "வேர் ஆர் யூ?" இவள் "ஐ யாம் ஹியர்" என்று சொல்லிக்கொண்டே முனையைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதுதான் பாடம்.

"இப்ப நீ கேளு."

"ஐயோ, வேணாங்க்கா. நீங்களே கேளுங்க, நான் பதில் சொல்றேன்."

"பதிலை மட்டும் கத்துக்கிட்டு என்னடி பண்ணப் போறே? உன்னை ஒருத்தன் விலைபேசி வித்தாக்கூட எஸ்ஸுன்னுதான் நிப்பே."

எஸ்ஸம்மா சிரித்தாள். ஓரகத்தி சிரிக்கவில்லை.

பெரிய துவைக்கும் மெஷினின் உருளைக்குள் நூலும் பஞ்சும் அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது ஒருத்தி உள்ளே தவழ்ந்து போய்ப் பிய்த்தெடுப்பாள், இன்னொருத்தி வெளியே காவல் நிற்பாள். கதவின் பிடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அது அந்தப் பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம். எங்கேயும் எழுதி ஒட்டியதில்லை, புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு யாரும் சொல்லவும் இல்லை. அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

அன்றைக்கு ஓரகத்தி உள்ளே போயிருந்தாள், வெளியே காவலுக்கு எஸ்ஸம்மா. அழுக்கு விரிப்புகள் மலையாய்க் குவிந்து கிடந்ததைப் பார்த்துக் கடுகடுவென்று வந்தார் சூப்பர்வைசர். சிவப்புத் துணியைச் சுட்டிக்காட்டி நீளமாக ஏதோ கேட்டார். அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. திருப்பிக் கேட்கப் பயம்.

"எஸ், சார்."

அவர் துணியை அவிழ்த்துக் கூடையில் எறிந்தார். அப்போதுதான் எதற்கு எஸ் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவர் இன்னொன்று கேட்டார்.

"எஸ், சார்."

அதுவும் வந்துவிட்டது. இப்படியும் ஒரு பாழாய்ப்போன வாய்! அவர் ஒரு கையால் கதவைத் தள்ளினார், மறு கை பட்டனை நோக்கிப் போனது.

தமிழில் கத்தியிருக்கலாமே, கையைப் பிடித்து இழுத்திருக்கலாமே என்று வீட்டில் உட்கார்ந்து நாம் சொல்லலாம். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொண்டையில் தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. கதவுக்குப் பின்னால் இருப்பவள், இவள் பிள்ளைகளுக்கும் சேர்த்து உலை வைத்தவள். உருளை ஒரு சுற்று சுற்றினால் போதும். கதவு ஒரு சாண் இடைவெளிக்கு வந்துவிட்டது.

"வேர் ஆர் யூ?" என்று அலறினாள்.

சூப்பர்வைசர் அப்படியே திரும்பினார். முகத்துக்கு நேரே நிற்கும் ஆளிடம் எங்கே இருக்கிறாய் என்று கேட்கிற பெண்ணை அவர் கண்டதில்லை.

"ஐ யாம் ஹியர்," என்றார், பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு.

"ஐ யாம் ஹியர்!" என்றது உருளை. உள்ளே ஒரு சிரிப்புச் சத்தமும் கேட்டது. "அடி சக்கை! நீயே கேட்டுட்டியாடி!"

சுட்டுக்கொண்டவர்போல் அவர் கையை இழுத்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. கதவைத் திறந்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றார். தலையெல்லாம் பஞ்சோடு ஓரகத்தி வெளியே வந்தாள். வாயெல்லாம் பல்லாக வந்தவள் பிடியைப் பார்த்தாள், அங்கே துணி இல்லை. பட்டனைப் பார்த்தாள். மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் எஸ்ஸம்மாவின் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. உதட்டு நுனிக்கு அந்தப் பழைய வார்த்தை வந்து நின்றது. ஓரகத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் போகட்டும்.

"வாட்?" என்றாள்.

அவர் திரும்பச் சொன்னார். புரியவில்லை.

"வாட்?"

அவர் கையால் காட்டி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். புரிகிற வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.