சகலை முன்னால் போகிறான்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கதை எழுதுகிறவர்கள் வழக்கமாக, ரயிலில் ஒரு முகத்தைப் பார்த்தேன், மழையில் ஒரு குரலைக் கேட்டேன் என்று ஏதாவது சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. என் சகலை கடற்பாசித் தாளில் சோறு வைத்துக் கிம்பாப் சுருட்டுவதைப் பார்த்தேன், வயிறு எரிந்தது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கங்வொன் மலைகளில் ஊசியிலை மரங்கள் பொன்னாக உதிர்ந்துகொண்டிருந்த அந்த அக்டோபர் காலையில், ஐந்து சைக்கிள்கள் சரளைப் பாதையில்—"

நிறுத்திவிட்டேன். அந்தக் காலையில் நான் மரத்தையே பார்க்கவில்லை. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த இன்ஹோவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து இப்படி: "என் சகலை இன்ஹோ ஒரு தந்திரக்காரன்."

இதுவும் நிற்கவில்லை. அவனிடம் ஒரு தந்திரமும் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதை எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

2

என் மனைவி உன்ஜு, அவள் தங்கை பொரா, அவர்களுடைய அப்பா, நான். வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர்காலத்தில் ஒரு முறை, நாலு பேரும் காட்டுப் பாதைகளில் சைக்கிளில் கிளம்புவோம். பதினோரு வருடப் பழக்கம். வேகம் என்ற பேச்சே கிடையாது. அரை மணிக்கு ஒரு தரம் இறங்கி அவித்த முட்டை உரிப்போம். ஓடை கண்ட இடத்தில் கால் நனைப்போம். மாமனார் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். யார் சட்டென்று பிரேக் பிடித்தாலும், "பின்னாடி முந்நூறு பேர் விழுந்திருப்பாங்க" என்பார்.

பாதை போடுவது நான். பஞ்சர் சாமான் சுமப்பது நான். முன்னால் போவதும் நான். வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் மூன்று பேரும் என்னை நம்பி மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருப்பார்கள். அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு எதிலும் கிடைத்ததில்லை.

(கடைசி வாக்கியத்தை இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் திரும்ப எழுதினேன்.)

3

இன்ஹோவைக் கூட்டி வந்ததே நான்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால். நான் வேலை பார்க்கும் பதிப்பகத்தில் பக்கம் வடிவமைக்கிறவன். என்னைவிட ஏழு வயது சின்னவன். அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடுகிறான் என்று தெரிந்து, பாவம் என்று அழைத்தேன். ஓட்ட என் பழைய சைக்கிளைக் கொடுத்தேன். டியூப் மாற்றச் சொல்லிக் கொடுத்தேன். இன்று அவன் ஆறு நிமிடத்தில் மாற்றுகிறான். எனக்கு இன்னமும் பதினைந்து நிமிடம் ஆகிறது.

இரண்டு வருடத்தில் பொராவைக் கல்யாணம் செய்துகொண்டான். நண்பன் சகலை ஆனான்.

"அவர் சகலை ஆனதுலேருந்து நீங்க அவரைக் கூப்பிடுற குரலே மாறிப்போச்சு" என்றாள் உன்ஜு.

"என்ன மாறிப்போச்சு?"

"முன்னாடி 'இன்ஹோ'ன்னு கூப்பிடுவீங்க. இப்ப வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி கூப்பிடுறீங்க."

அவன் கிம்பாப் எங்கள் வீட்டுக் கிம்பாப்பைவிட நன்றாக இருந்தது. அவன் சொன்ன நகைச்சுவைக்கு உன்ஜு சீட்டிலிருந்து இறங்கி நின்று சிரித்தாள். அதே நகைச்சுவையை நான் போன வருடம் சொல்லியிருந்தேன். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது மாமனார் விஷயம். முழங்கால் வலியால் அவர் இரண்டு வருடம் வரவில்லை. "ஓய்வெடுங்க மாமா, போட்டோ எடுத்துட்டு வர்றோம்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்ஹோ ஒரு சனிக்கிழமை போய் அவருடைய சைக்கிளில் பேட்டரி மோட்டார் பொருத்தினான். அவ்வளவுதான். அந்த வசந்தத்தில் மாமனார் முதல் ஏற்றத்தின் உச்சியில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சின்ன மாப்பிள்ளை, என்னை மறுபடி வண்டியில ஏத்திட்டப்பா."

பெரிய மாப்பிள்ளை பக்கத்திலேயே தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தான். இரண்டு வருடத்தில் எனக்கு ஏன் அது தோன்றவில்லை? அவனை நான் மன்னிக்காததற்கு அதுதான் காரணம்.

அதற்குப் பிறகு எதற்கும், "சின்ன மாப்பிள்ளைகிட்ட கேளுங்க." போன அக்டோபரில் பாதை போடுவதும் அவனிடம் போனது. யாரும் பிடுங்கவில்லை. "அண்ணே, இந்தத் தடவை நான் போன்ல போட்டுப் பார்க்கட்டுமா? நீங்க நிம்மதியா ஓட்டுங்க" என்று கேட்டான். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன்.*

*சிரித்தேனா? பொராவைக் கேட்டால், "அத்தான் பல்லைக் காட்டினார்" என்பாள்.

4

இப்போது அந்த இடம் வருகிறது. இதுவரைக்கும் நான் உங்களோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்ததே இதைத் தள்ளிப்போடத்தான்.

இன்ஜே என்ற ஊரைத் தாண்டிக் காட்டுப் பாதை இரண்டாகப் பிரியும் இடம். எல்லோரும் வெயிலில் உட்கார்ந்து சீமைப்பனிச்சைப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒதுங்குவதற்காகக் கொஞ்சம் தள்ளிப் போனேன். அங்கே ஒரு சின்ன லாரி. பைன் காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர், தொப்பியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"சைக்கிள் ஆளுங்களா? எந்தப் பக்கம் போறீங்க?"

"இடது பக்கம்னு நினைக்கிறேன்."

"வேண்டாங்க. ஆகஸ்ட் மழையில ரெண்டாவது வளைவுல பாதி ரோடு உள்ள போயிருச்சு. யாரும் இன்னும் வந்து பார்க்கல. வலது பக்கம் போங்க, சுத்துதான், ஆனா பத்திரம்."

நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். இன்ஹோ போனைப் பார்த்தபடி, "இடது பக்கம் எட்டு கிலோமீட்டர் கம்மி. ஓடையும் வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கேட்டான்.

"அண்ணே, இடது பக்கம் சரிதானே?"

அவன் கேட்டான். இதைக் கவனமாக எழுதுகிறேன். அவன் என்னைக் கேட்டான்.

"இப்ப பாதை போடுறது நீதானே, சகலை" என்றேன்.

என் மனதில் இருந்தது இவ்வளவுதான்: இடிந்த இடத்தில் போய் நிற்பான், எல்லோரும் இறங்கி வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும், மாமனார் ஒரு முறையாவது முகம் சுளிப்பார். ஒரு சுளிப்பு. அதற்கு மேல் நான் எதையும் விரும்பவில்லை. நம்புங்கள், நம்பாவிட்டாலும் மேலே படியுங்கள்.

5

இந்தப் பகுதிக்கு மூன்று பிரதிகள் எழுதினேன்.

முதல் பிரதியில் லாரிக்காரரே இல்லை. யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. நன்றாக ஓடிய பிரதி அது. வருணனைகூட அழகாக வந்தது.

இரண்டாவதில் லாரிக்காரர் இருக்கிறார், நானும் உரிய நேரத்தில் "மாமா, நில்லுங்க!" என்று கத்துகிறேன். அவர் காதில் விழவில்லை. காற்றின் மேல் பழி.

நடந்தது மூன்றாவது. முதல் வளைவு தாண்டியதும் பாதை இறங்கியது. மாமனாருக்கு உற்சாகம். ரயில் ஊதுகிற மாதிரி வாயாலேயே ஊதிக்கொண்டு இன்ஹோவை முந்தினார். "மாமா, மெதுவா!" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. நான் எல்லோருக்கும் பின்னால். இரண்டாவது வளைவு எனக்குத் தெரிகிறது. வாயைத் திறந்தேன். கத்தினால் எனக்கு முன்பே தெரியும் என்பது தெரிந்துபோகுமே என்று தோன்றியது. பெடல் மூன்று சுற்று சுற்றும் நேரம். அதன் பிறகு கத்தினேன்.

அதற்குள் அவர் வளைவில் மறைந்திருந்தார். பிரேக் கிறீச்சிடும் சத்தம், பிறகு ஜல்லி சரிகிற சத்தம்.

ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே, ஈர மண்ணில், ஒருக்களித்துக் கிடந்தார். சைக்கிள் மேலே விழுந்திருந்தது. நாங்கள் சைக்கிளைக் கீழே போடுவதற்குள் இன்ஹோ சறுக்கி இறங்கி அவர் தலையைத் தன் தொடையில் வைத்திருந்தான். பொரா, "அப்பா! அப்பா!" என்று அலறினாள்.

"கத்தாதே, காது நல்லா கேக்குது" என்றார் மாமனார். முகம் வெளுத்திருந்தது. "தோளு... தோளுதான்."

போனில் சிக்னல் இல்லை. "நான் போய் வண்டி கொண்டு வர்றேன்" என்றேன். எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும் அல்லவா? அவ்வளவு வேகமாக நான் வாழ்நாளில் சைக்கிள் மிதித்ததில்லை.

6

லாரிக்காரர் உடனே வந்தார். மாமனாரைத் தூக்கி மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்தோம். உன்ஜுவும் பொராவும் முன்சீட்டில் ஏறப் போனார்கள். லாரியின் பின்பக்கத் தடுப்புப் பலகையை மாட்டிக்கொண்டே அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்:

"இடது பக்கம் வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, சார்."

பலகையின் மறுமுனையை இன்ஹோ பிடித்துக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் இல்லை. பிறகு கொக்கியை மாட்டினான். அவன் கை முழுவதும் சேறு.

"கிளம்பலாம்" என்றான்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். காறை எலும்பு முறிவு. விலா எலும்பில் கீறல். தலைக்கு ஒன்றும் இல்லை. கட்டுப் போட்ட பிறகு இன்ஹோ கட்டிலருகே மண்டியிட்டான்.

"என் தப்பு மாமா. பாதை போட்டவன் நான். விசாரிச்சிருக்கணும்."

மாமனார் அவனைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"ரயில்ல இருந்திருந்தா உன்னை அன்னிக்கே இறக்கிவிட்டிருப்பாங்கப்பா" என்றார்.

நான் ஆசைப்பட்ட முகச்சுளிப்பு அதுதான். கிடைத்துவிட்டது. பொரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், நீங்க மட்டும் அவ்வளவு சீக்கிரம் வண்டி பிடிக்கலைன்னா..." என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

7

எலும்பு குளிர்காலத்திலேயே கூடிவிட்டது. ஆனால் வீட்டில் வேறு சில மாறின. புத்தாண்டுச் சாப்பாட்டில் மாமனார் முதல் கோப்பையை எனக்கு ஊற்றினார். "பெரியவன் நிதானம் யாருக்கும் வராது" என்றார். இன்ஹோ தலையாட்டிச் சூப்பைக் குடித்தான். பொரா சில வாரங்கள் அவனோடு சரியாகப் பேசவில்லை என்று உன்ஜு சொன்னாள்.

இழந்தது எல்லாம் திரும்பி வந்துவிட்டது. பொறாமை போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை. முன்பு அவன் கிம்பாப்பைப் பார்த்தும் அவன் பொருத்திய மோட்டாரைப் பார்த்தும் வயிறு எரிந்தவன், இப்போது அவன் வாய் திறக்காமல் இருப்பதைப் பார்த்து எரிந்தேன். அவன் இடத்தில் நானாக இருந்தால் லாரி கிளம்புவதற்குள் ஊரைக் கூட்டியிருப்பேன். என்னால் முடியாததை அவன் சிரமமே இல்லாமல் செய்துகொண்டிருந்தான். என் தப்பைக்கூட என்னைவிட நன்றாகச் சுமந்தான்.

8

இந்த மே மாதம் மறுபடி போனோம். வேறு மலை, நல்ல பாதை. மாமனார் அறிவித்தார்: "பெரிய மாப்பிள்ளை முன்னால போகட்டும்." இன்ஹோ கடைசியில் வந்தான். ஒரு வளைவில் நின்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னை நம்பி ஏறி வந்துகொண்டிருந்தார்கள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதித்தேன்.

மதியம் மற்றவர்கள் ஓடையில் கால் நனைத்துக்கொண்டிருந்தபோது, அவன் தனியாகச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் சொல்லல?"

எதை என்று அவன் கேட்கவில்லை.

"சொன்னா என்ன ஆகும்ணே? மாமா உங்க வீட்டுப் பக்கம் வரமாட்டார். அக்கா உங்களோட பேசமாட்டாங்க. இந்தப் பயணம் அத்தோட முடிஞ்சிரும்." பெடலை மெல்லச் சுற்றினான். "உங்களுக்கு இது வருஷத்துக்கு ரெண்டு நாள். எனக்குக் குடும்பம்னு இருக்கறதே இதுதான். அதையும் நீங்கதானே கொடுத்தீங்க."

"நான் சொல்லிடறேன்."

"சொல்லாதீங்க." முதல் முறையாக அவன் குரல் உயர்ந்தது. "மனசு லேசாகணும்னு சொல்லப் போறீங்க. உடையிறது என்னோடது. அப்புறம், நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. மாமா அந்தப் பள்ளத்துல கிடந்தது தினமும் ஞாபகம் வருது."

துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். ஓடைப் பக்கத்திலிருந்து பொரா, "ரெண்டு மாப்பிள்ளையும் என்ன ரகசியம் பேசுறீங்க?" என்று கத்தினாள்.

"அண்ணனுக்கு வயசாகுது, மோட்டார் வேணுமாம்!" என்று அவன் திருப்பிக் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

9

முடிவுக்கு நாலு காகிதம் கிழித்தேன். ஒன்றில் மாமனாரின் பிறந்தநாளில் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன். கைதட்டல் மட்டும்தான் பாக்கி, அவ்வளவு அருவருப்பாக இருந்தது. இன்னொன்றில் இன்ஹோவே ஒரு நாள் கோபத்தில் சொல்லிவிடுகிறான். அது அவன் இல்லை, என் ஆசை. மற்ற இரண்டையும் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

உங்களிடம் மறைக்க முடியாத சந்தேகம் ஒன்று இருக்கிறது. இதை நான் எழுதியது மனச்சாட்சிக்காகத்தானா? அல்லது அவனிடம் மிஞ்சியிருக்கும் அந்த மௌனத்தையும் பிடுங்கிக்கொண்டால்தான் என் வயிறு ஆறுமா? 'உண்மையைச் சொன்னவன்' என்ற பெயராவது எனக்கு வரட்டும் என்றா?

தீர்மானிப்பதற்குள் உன்ஜு அறைக்குள் வந்துவிட்டாள்.

"என்னங்க எழுதறீங்க, ஒரு வாரமா?"

"சைக்கிள் கதை."

"நான் வர்றேனா?"

"வர்றே."

"அப்ப குடுங்க. என்னை எப்படி எழுதியிருக்கீங்கன்னு பார்க்கணும்."

"இன்னும் முடியல."

"முடிஞ்ச வரைக்கும் படிக்கிறேன்."

மேஜை மேலிருந்து எட்டுப் பகுதிகளையும் அவளாகவே எடுத்தாள். நான் தடுத்திருக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள், இன்ஹோ அவ்வளவு சொல்லியிருக்கிறான், நான் தடுத்திருக்கலாம். இந்த ஒன்பதாம் பகுதியை எழுதிக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்க்கிறேன். அங்கே உட்கார்ந்து படிக்கிறாள். இரண்டாம் பகுதியில் தன் அப்பாவை நினைத்துச் சிரித்தாள். மூன்றாம் பகுதியில், "வருகைப் பதிவா? நான் அப்படியா சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள்.

இப்போது தாளைப் புரட்டினாள். சிரிப்புச் சத்தம் இல்லை. ஒரே பக்கத்திலேயே ரொம்ப நேரமாக இருக்கிறாள்.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. அவளுக்கு முன்னால் படித்து முடித்தவர் நீங்கள். அவள் நிமிர்ந்தால் முதலில் யாரை நினைப்பாள், என்னையா, இன்ஹோவையா? தெரிந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவனை என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.