பொய்த் துடக்கு

கிணற்றடியில் யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் அருந்ததி வாளியை உள்ளே விட்டாள். அவள் கையில் பழைய வெள்ளைச் சேலையில் கிழித்த இரண்டு துணிகள் இருந்தன. அவற்றில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. ஆனாலும் நனைத்தாள், கல்லில் போட்டுக் கசக்கினாள், பிழிந்தாள். வேலியோரக் கயிற்றில் காயப்போட்டு, மேலே தன் பாவாடையை விரித்து மறைத்தாள். மறைத்திருப்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியவும் வேண்டும். அதற்காக ஒரு நுனியை மட்டும் வெளியே தெரிய விட்டாள்.

அது தொண்ணூற்றோராம் ஆண்டு, நவராத்திரிக்கு முந்தின வாரம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நல்லம்மாவின் வீட்டில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஐந்தாறு கம்பஸ் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். நல்லம்மா கணவனை இழந்தவள். பிள்ளைகளை அவள் வஞ்சகமில்லாமல்தான் பார்த்துக்கொண்டாள். நேரம் பிந்தி வந்தால் வாசற்படலையில் நின்று பார்த்திருப்பாள். பொம்பர் விமானச் சத்தம் கேட்டால் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு பங்கர்க் குழிக்குள் இறக்குவாள். ஆனால் துடக்கு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டாள். மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் சாமியறைப் பக்கமோ சமைக்கிற குசினிப் பக்கமோ போகக்கூடாது. பின் விறாந்தையில் பாய், தனிச் சோற்றுக் கோப்பை, தனிக் குவளை. தலை முழுகிய பிறகுதான் உள்ளே வரலாம். எந்தப் பிள்ளைக்கு எப்போது வரும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

அருந்ததிக்கு வைகாசி மாதத்தோடு நின்றுவிட்டது. முதலில் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் நல்லம்மா குசினி வாசலில் நின்று, "என்ன பிள்ளை, உனக்கு இந்த முறை பிந்திப்போச்சுது போலை?" என்று கேட்டாள். அடுத்த நாளே அருந்ததி பாயைச் சுருட்டிக்கொண்டு பின் விறாந்தைக்குப் போனாள். அன்று தொடங்கியது. மாதா மாதம் வராத ஒன்றுக்காக அவள் ஒதுங்கி இருந்தாள், கறைபடாத துணியைத் தோய்த்தாள், தலை முழுகினாள்.

யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் பயம். அவளுடைய சின்னம்மாவுக்கும் இப்படித்தான் மாதக்கணக்கு முதலில் குழம்பியது. வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்து, கடைசியில் கர்ப்பப்பையில் கட்டி என்று கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. இரவும் பகலும் அருந்ததியின் கை தன்னையறியாமல் அடிவயிற்றைத் தடவிப் பார்க்கும். சில வேளை அங்கே ஏதோ உருள்வதுபோல இருக்கும். விரிவுரை நடந்துகொண்டிருக்கும்போதே கொப்பிக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்ப்பாள்.

இன்னொரு பயம் ஊர் வாய். போன வருஷம் அதே வீட்டில் இருந்த ஒரு பிள்ளை காலையில் இரண்டு மூன்று தரம் சத்தி, அதுதான் வாந்தி, எடுத்தாள். அவளுக்கு வந்தது செங்கமாரி, மஞ்சட்காமாலை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அதற்கிடையில் கதை மானிப்பாய் வரைக்கும் போய்விட்டது. அந்தப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டுப் போனவள் திரும்பி வரவேயில்லை. அருந்ததி ஒரு பெடியனோடு நின்று கதைத்தவள்கூட இல்லை. அதனால் என்ன? செங்கமாரி பிடித்தவளும் அப்படித்தானே.

அவளுடைய அறைத்தோழி ஸ்ரெல்லா குருநகர்ப் பிள்ளை. கடற்றொழில் செய்யும் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். அவளை வீட்டில் சேர்க்க நல்லம்மா முதலில் யோசித்தாள். "எனக்கு ஒண்டுமில்லை, அயலட்டைதான் கதைக்கும்" என்றாளாம். பிறகு சேர்த்துக்கொண்டாள். ஆனாலும் ஸ்ரெல்லா சிரித்துச் சத்தமாகக் கதைத்தால் நல்லம்மாவின் புருவம் ஒருமுறை மேலே போய்த்தான் இறங்கும்.

அன்று பின்னேரம் தலை முழுகிவிட்டுத் துணிகளை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தபோது ஸ்ரெல்லா கட்டிலில் இருந்தபடி சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். துணியைப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"சவுக்காரம் கண்ணாலையும் காணக் கிடைக்காத காலம். எங்கள் எல்லாற்றை துணியும் மண்நிறமாப் போச்சுது. உன்ரை மட்டும் எப்பிடியடி இப்பிடி வெள்ளையா இருக்குது?"

அருந்ததி துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதாவது பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. கட்டில் நுனியில் குந்தினாள்.

"எனக்கு வாறேல்லை, ஸ்ரெல்லா. வைகாசிக்குப் பிறகு வரவே இல்லை."

சின்னம்மாவின் கதையையும் சொன்னாள். ஸ்ரெல்லா பக்கத்தில் வந்து இருந்தாள். யாரையும் விரும்பியிருந்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. அது அருந்ததிக்குப் பிறகு நினைத்தபோதுதான் தெரிந்தது. கோப்பாய்ப் பக்கம் ஒரு பெண் டொக்டர் வீட்டிலேயே நோயாளரைப் பார்க்கிறா, நாளைக்குக் காலமை போவோம் என்று மட்டும் சொன்னாள். அருந்ததி மாட்டேன் என்றாள். அங்கே போகிறவர்கள் எல்லாம் பிள்ளைத்தாச்சிகள், யாரும் கண்டால் என்ன ஆகும் என்றாள். கட்டி இருந்தால் அது இவ்வளவு நாளும் சும்மா இருக்குமோ என்று ஸ்ரெல்லா கேட்டாள். அதற்குப் பிறகு அருந்ததி மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் ஸ்ரெல்லா சைக்கிளை மிதித்தாள். அருந்ததி பின்னால் கரியரில் இருந்தாள். முன்பென்றால் வீட்டார் இருக்கிற புத்தூரில் இருந்து கம்பஸுக்கு அவளே மிதித்து வருகிறவள். இப்போது ஒரு சின்ன ஏற்றம் வந்தாலே மூச்சு வாங்கியது. தோட்டவெளி தொடங்கும் இடத்தில் பொம்பர் இரைச்சல் கேட்டது. இருவரும் சைக்கிளைத் தெருவில் போட்டுவிட்டு வாழைத் தோட்டத்து வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தார்கள். எங்கேயோ தூரத்தில் இரண்டு முறை நிலம் அதிர்ந்தது. பிறகு வானம் ஓய்ந்தது. தெருவில் ஆட்கள் எழும்பித் தூசி தட்டிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். ஸ்ரெல்லாவும் எழும்பினாள். அருந்ததி எழும்பவில்லை. வரம்புப் புல்லை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி கிடந்தாள். ஸ்ரெல்லா அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

டொக்டர் வீட்டு நீள வாங்குப் பலகையில் அவள் பயந்தபடியே பிள்ளைத்தாச்சிப் பெண்கள் வரிசையாக இருந்தார்கள். அருந்ததி தலையைக் குனிந்துகொண்டு சுவர்க்கரையோரம் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் வாங்கின் மறு கரையில் யாரோ தன்னையே பார்ப்பதை உணர்ந்து நிமிர்ந்தாள். குணலட்சுமி. நல்லம்மாவுக்கு அடுத்த வளவுக்காரி. மகளைக் காட்டக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் சிரித்தாள். இந்தச் சிரிப்பு தங்களுக்கு முன்னரே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று அருந்ததிக்குத் தெரிந்துபோயிற்று. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தாள். ஸ்ரெல்லா அவள் மணிக்கட்டைப் பிடித்து இருத்தினாள்.

டொக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க, களைத்த முகத்துப் பெண். ஸ்ரெல்லாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, ஆரோடையும் பழக்கமோ, கோபிக்கக்கூடாது, கேட்கத்தான் வேணும் என்றார். இல்லையென்று அருந்ததி தலையாட்டினாள். வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நிறுத்துப் பார்த்தார். கட்டி என்று ஒன்றும் தட்டுப்படவில்லை என்றார். அதைக் கேட்டும் அருந்ததிக்கு நிம்மதி வரவில்லை. வடிவாக, நன்றாகப் பார்த்தீர்களா என்று இரண்டாம் தரமும் கேட்டாள்.

டொக்டர் கோபிக்கவில்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அவள் ஆயத்தமாக இருக்கவில்லை. காலையில் வெறுந் தேத்தண்ணீர், மத்தியானம் இரண்டு பிடி சோறு என்று சொல்லத் தொடங்கியவள் நிறுத்த முடியாமல் சொல்லிக்கொண்டே போனாள். அப்பா காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் வேலை செய்தவர். போன வருஷம் சண்டையில் உடுத்த உடுப்போடு எல்லோரும் வெளிக்கிட்டது. இப்போது புத்தூரில் சொந்தக்காரர் வீட்டு மால் கொட்டில் ஒன்றில் இருக்கிறார்கள். சனி ஞாயிறில் போனால் அம்மா தன் பங்கை இவளுக்குப் போட்டுவிட்டுப் பானையைச் சுரண்டுவாள். திரும்பி வந்து நல்லம்மா போட்டுத் தருகிற சோற்றைப் பார்த்தால் அந்தச் சுரண்டுகிற சத்தம்தான் கேட்கும். தொண்டைக்குள் இறங்காது. இரவில் பொம்பர் வருகிறதா என்று காது விழித்துக்கொண்டே இருக்கும்.

டொக்டர் கடைசி வரைக்கும் கேட்டார்.

"பயந்தாலும் நிக்கும், பட்டினி கிடந்தாலும் நிக்கும். நீ ரெண்டையும் சேர்த்துச் செய்யிறாய். இந்த வருசம் உன்னை மாதிரிப் பிள்ளையள் கனபேர் வந்திட்டினம். சாப்பிடு. தைப்பொங்கலுக்கு முன்னம் வராட்டில் திரும்பி வா, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிப் பாப்பம்."

பயப்படாதே என்று அவர் சொல்லவில்லை. வெளியே வந்ததும் ஸ்ரெல்லா என்ன என்று கேட்டாள். அருந்ததி சொன்னாள். ஆனால் அவளுடைய மனம் குணலட்சுமியின் சிரிப்பிலேயே நின்றது. வழிநெடுக, நல்லம்மா கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு பொய்யாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை.

நல்லம்மா முன் விறாந்தையில் நின்றாள். சைக்கிளை நிறுத்தும் வரைக்கும் பேசாமல் பார்த்திருந்தாள். பிறகு இருவரையும் உள்ளே கூப்பிட்டு, யன்னலைச் சாத்திவிட்டு, குரலை உயர்த்தாமலே கேட்டாள். இது ஐஞ்சாறு குமர்ப்பிள்ளைகள் இருக்கிற வீடு. பெற்றவர்களுக்கு நான் பதில் சொல்ல வேணும். பிள்ளைப்பேறு பார்க்கிற டொக்டரிடம் உங்களுக்கு என்ன அலுவல்?

அருந்ததி நிலத்தைப் பார்த்தாள். அப்போது பக்கத்தில் ஸ்ரெல்லாவின் குரல் கேட்டது.

"எனக்குத்தான், அன்ரி. நான்தான் காட்டப் போனனான். இவள் துணைக்கு வந்தவள்."

நல்லம்மா அதை உடனே நம்பினாள். அந்த நம்பிக்கைதான் அருந்ததியைச் சுட்டது. ஒரு கேள்வி இல்லை, சந்தேகம் இல்லை. இப்படித்தான் வருமென்று முன்னமே தெரிந்தவள்போல நல்லம்மா மூச்சை இழுத்து விட்டாள். உன்னைச் சேர்க்கேக்கையே எனக்கு மனம் ஒப்பவில்லை, நவராத்திரிக் கும்பம் வைக்க முதல் உன்ரை சாமானைக் கட்டு என்றாள். ஸ்ரெல்லா தலையாட்டினாள். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் அறைப்பக்கம் திரும்பினாள்.

"பொய், அன்ரி" என்றாள் அருந்ததி. அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அவளுக்கு ஒண்டுமில்லை. எனக்குத்தான். எனக்கு நாலைஞ்சு மாசமா வாறேல்லை. நீங்கள் கேப்பியளெண்டு பயந்துதான் மாசாமாசம் பின் விறாந்தையிலை இருந்தனான். எல்லாம் நடிப்பு. ஒரு நாளும் துடக்கில்லை."

நல்லம்மா அவளை உற்றுப் பார்த்தாள். பிள்ளையோ என்ற கேள்வி அவள் கண்ணில் வந்து நின்றது. அருந்ததி அதைக் கண்டாள். இந்த முறை கண்ணைத் தாழ்த்தவில்லை. சாப்பாடில்லாததாலும் பயத்தாலும் நின்றுவிட்டதாக டொக்டர் சொன்னதைச் சொன்னாள். நம்பாவிட்டால் நீங்களே போய்க் கேட்கலாம், அம்மாவைக் கூப்பிட்டும் சொல்லலாம், ஆனால் ஸ்ரெல்லா போவதென்றால் நானும் சாமானைக் கட்டுவேன் என்றாள். 

நல்லம்மா கதிரையில் இருந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"என்ரை வீட்டிலை சாப்பிட்டு ஒரு பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறாள்" என்றாள் மெல்ல. யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.  பிறகு அவள் எழுந்து குசினிக்குள் போனாள். சாமான் கட்டுவதைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஸ்ரெல்லாவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் அன்று இரண்டு குவளைகளில் முட்டைக் கோப்பி அடித்துக்கொண்டு வந்தபோது முதல் குவளையை ஸ்ரெல்லாவுக்குத்தான் நீட்டினாள். மேசையடியில் நின்று இருவரும் குடித்து முடிக்கும்வரை காவல் இருந்தாள்.

குணலட்சுமி வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டபோது நல்லம்மா சொன்ன பதில் கிணற்றடி வரைக்கும் கேட்டது. பிள்ளைகளுக்கு இரத்தம் பத்தாதாம், நான்தான் டொக்டரிடம் அனுப்பினேன் என்றாள்.

ஆனாலும் அருந்ததிக்குப் பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. நவராத்திரி முழுவதும் கும்பத்துக்கு முன்னால் மற்றவர்களோடு இருந்து பாடினாள். பாடும்போதே கை அடிவயிற்றுக்குப் போய்விடும். கார்த்திகையும் ஒன்றுமில்லாமல் போனது. ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து பார்ப்பாள். ஏமாந்து முகம் கழுவுவாள். நல்லம்மா அவள் கோப்பையில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே இருப்பாள். சில நாள் இறங்கும். சில நாள் இறங்காது.

இதற்கிடையில் அதே வீட்டில் ஸ்ரெல்லாவுக்குப் பிறகு வந்து சேர்ந்த கத்தரீனா என்ற முதலாம் வருஷப் பிள்ளை ஒருநாள் அறை வாசலில் வந்து நின்றாள். எதையோ தேடுகிறவள்போல யன்னலைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். கடைசியில், அந்த டொக்டர் வீடு எந்த ஒழுங்கையில் என்று கேட்டாள். எவ்வளவு நாளாக என்று அருந்ததி கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவளைப் பக்கத்தில் இருத்தினாள். தனக்கு நடந்ததைச் சொன்னாள். இன்னும் வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

மார்கழியில் கிறிஸ்து பிறப்பு நத்தார் விடுமுறைக்கு ஸ்ரெல்லா அவளைக் குருநகருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்ரெல்லாவின் தாய் லூர்த்தம்மா பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சியிருந்தாள். நேவி கடலுக்குப் போக விடாத காலம். கரைவலையில் அகப்பட்ட சின்ன மீனும் நண்டும்தான் போட்டது என்று குறைப்பட்டுக்கொண்டாள். எல்லோரும் முற்றத்தில் வட்டமாக இருந்து பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்தார்கள். கடற்பக்கம் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது.  அருந்ததி பிளாவைக் கீழே வைத்தாள். லூர்த்தம்மா வானத்தை அண்ணாந்து பார்த்து, அது தீவுப்பக்கம் போகிறது என்று சொல்லிவிட்டு அகப்பையோடு அவளிடம் வந்தாள்.

"நீட்டு பிள்ளை, ஆறப்போகுது."

அருந்ததி பிளாவை எடுத்து நீட்டினாள். கொஞ்சம் மடியில் சிந்தியது. மிச்சத்தை அவள் குடித்தாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம், விரிவுரைக்கு வெளிக்கிடுகிற அவசரத்தில், அது வந்தது. மிகக் கொஞ்சம்தான். அடுத்த மாதம் வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு ஸ்ரெல்லாவைத் தேடி அறைக்கு ஓடினாள்.