லூதர் ஸ்டாம்பர் இறந்த காலை

தன் தம்பி செத்துப்போன சேதியை ஆர்வில் ஸ்டாம்பர் தன் சொந்த வானொலியில்தான் கேட்டார்.

அவருடைய பைன் ஃபோர்க் வானொலி நிலையத்தில் காலைச் செய்தி முடிந்ததும் இரங்கல் அறிவிப்பு வரும். பின்னால் ஆர்கன் மெல்ல ஒலிக்க, யார் யார் போய்ச் சேர்ந்தார்கள், அடக்கம் எந்தத் தேவாலயத்தில் என்று வெர்னா வாசிப்பாள். அதைக் கேட்காமல் அந்த மலையில் யாரும் வேலைக்குக் கிளம்புவதில்லை. ஆர்வில் வண்டியோட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தார். "லூதர் ஸ்டாம்பர். நம் நிலையத்தின் உரிமையாளர் ஆர்வில் ஸ்டாம்பரின் அன்புத் தம்பி" என்று வெர்னாவின் குரல் தழுதழுத்தது. அவர் வண்டியை ஓரங்கட்டினார். ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அன்புத் தம்பியாம். இருவரும் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

அந்த நிலையத்தை ஆரம்பித்ததே அண்ணனும் தம்பியும்தான். போர் முடிந்து வந்த கையோடு, ராணுவம் கழித்துப் போட்ட கருவிகளை வாங்கித் தீவனக் கடை மாடியில் வைத்தார்கள். இருந்தது ஒரே மைக். அதற்கு இந்தப் பக்கம் ஆர்வில் நின்று கீழ்க்குரலில் மெட்டைப் பிடிக்க, அந்தப் பக்கம் லூதர் அதற்கு மேலே ஏறிப் பாடுவான். நடுநடுவே மாவுக்கும் கோழிக்குஞ்சுக்கும் விளம்பரம். கீழே கடையில் சேவல் கூவினால் அதுவும் காற்றில் போகும். சுரங்கத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். 'மழை விட்டதும் வாரேன்' என்று அவர்களே கட்டிய பாட்டு இசைத்தட்டாகவும் வந்தது.

பிறகு காலம் மாறியது. ஊர் ஊராக எல்லா நிலையங்களும் நேரில் பாடுகிறவர்களை நிறுத்திவிட்டு இசைத்தட்டுக்குப் போயின. விளம்பரக்காரர்களும் அதையே கேட்டார்கள். ஆர்விலும் போனார். அதில் தப்பில்லை. தம்பியிடம் சொல்லாமல் போனாரே, அதுதான் தப்பு. மைக் முன்னால் வாய் ஓயாத மனுஷன், தம்பி முன்னால் வாய் திறக்கப் பயந்தார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, ஒரு திங்கட்கிழமை பேசாமல் தட்டைச் சுழலவிட்டுவிட்டார். வழக்கம்போல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்த லூதர் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே அவனே பாடிக்கொண்டிருந்தான்.

"அதான் உள்ள நான் பாடிட்டு இருக்கேனே. அப்புறம் நான் எதுக்கு?" என்றான்.

இறங்கிப் போனவன் அந்தப் படியை மறுபடி மிதிக்கவே இல்லை. அந்த நிலையத்துப் பக்கம் ரேடியோ முள்ளைக்கூடத் திருப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டதாக ஊரில் பேச்சு. ஆனாலும் தினமும் காலையில் நிலையம் திறந்ததும் முதலில் அந்தத் தட்டைத்தான் போடவேண்டும் என்பது ஆர்விலின் உத்தரவு. மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷன் வேறு என்ன செய்வார்?

அவர் மாடியேறி வந்தபோது வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள். ஒஹையோவிலிருந்து இந்த மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அறிவிப்பாளராகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"உங்ககிட்ட முதல்ல சொல்லியிருக்கணும் ஐயா. கடைசி நேரத்துலதான் போன்ல பேர் குடுத்தாங்க. நீங்க உடனே அங்க போகலையா?"

"இந்நேரம் அவன் வீட்ல ஊரே கூடியிருக்கும். நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?"

பாடகர் இறந்தால் அவர் பாட்டைப் போடுவது நிலையத்து வழக்கம். வெர்னா அந்தத் தட்டை எடுத்து வைத்தாள். இரண்டு இளம் குரல்கள் ஒன்றாக எழுந்தன. ஆர்வில் ஒரு சரணம்தான் பொறுத்தார்.

"நிறுத்தும்மா. இதப் போட்டுத்தானே அவனைத் துரத்தினேன்."

அவள் முள்ளைத் தூக்கினாள். காற்றில் ஒரு சத்தமும் இல்லை. அறிவிப்பாளர்களுக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது. "ஐயா, ஏதாவது பேசுங்க, ஊர் கேட்டுட்டு இருக்கு" என்று கிசுகிசுத்தாள்.

ஆர்வில் சுவரில் மாட்டியிருந்த தன் பழைய கிட்டாரை எடுத்துத் தூசியைத் தட்டி, சுருதி கூட்டினார். மைக்கின் இந்தப் பக்கம் நின்றார். அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டார். பாடினார். வயசான குரல், இடையிடையே கரகரத்தது. லூதர் ஏறிப் பாடவேண்டிய இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு கிட்டாரை மட்டும் மீட்டினார். அந்த இடம் அப்படியே வெறுமையாகக் கிடந்தது. அவருக்குத் தாங்கவில்லை. கண்ணீர் வழிய, தன் பங்கை மட்டும் கடைசிவரை பாடி முடித்தார்.

தொலைபேசி அடித்தது. வெர்னா எடுத்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளிறியது. மைக்கை அணைக்கவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. தொலைபேசியோடு இணைத்திருந்த ஒலிபெருக்கியில் பேச்சு கணீரென்று வந்தது.

"ஏம்மா, எந்த லூதர்னு கேட்டியா?"

"எந்த... எந்த லூதரா?"

"இந்த மலைல மூணு லூதர் ஸ்டாம்பர் இருக்கோம். எந்த ஓடைக்கரை, யார் மகன்னு கேக்காம யாராவது ஒருத்தனைச் சாகடிப்பாங்களா? போனது மில் ஓடை லூதர். பாவம், நல்ல மனுஷன். நான் கேனி ஓடை லூதர். காப்பி குடிச்சிட்டு இருந்தேன், நான் செத்துட்டேன்னு சொல்ற."

"முன்னாடியே கூப்பிட்டிருக்கலாமே ஐயா" என்றாள் வெர்னா, அழுகையும் வெட்கமுமாக.

"எப்படிக் கூப்பிட? இங்க ஏழு வீட்டுக்கு ஒரே போன் லைன். மத்த ஆறு வீடும் அதுல எனக்காக அழுதுட்டு இருக்கு. நான் உயிரோடதான் இருக்கேன், லைனை விடுங்கன்னேன். சாவு வீட்டு நேரத்துல என்னய்யா விளையாட்டுன்னு ஒருத்தி திட்டிட்டா."

ஆர்வில் வெர்னாவிடமிருந்து தொலைபேசியை வாங்கினார். "லூதர்" என்றார்.



"அண்ணே, உன் மெஷின்ல அந்தத் தட்டு வேகமாச் சுத்துது."

"என்னது?"

"அரைக் கட்டை ஏத்திப் பாடுது. என் குரல் எலி கத்துற மாதிரி இருக்கு. பத்தொன்பது வருஷமா தினம் காலைல கேட்டுட்டுப் பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருக்கேன். இன்னைக்குத்தான் சுருதி சரியா இருந்துச்சு."

ஆர்வில் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தினம் காலையில் கேட்டானாம். அவர் அனுப்பிய மன்னிப்பெல்லாம் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, அரைக் கட்டை ஏறியபடி.

"நான் உங்கிட்டச் சொல்லியிருக்கணும்டா" என்றார்.

"அதை இங்க வந்து சொல்லு. சாவுச் சேதியைக் கேட்டவங்க எல்லாம் சாப்பாட்டைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. ரெண்டு பன்னித்தொடை, மூணு சட்டி பீன்ஸ், ஆப்பிள் வச்சுச் சுட்ட பலகாரம் எத்தனைன்னு எண்ணலை. திருப்பி எடுத்துட்டுப் போங்கன்னா யாரும் கேக்கல. செத்தவன் ஒருத்தன் எவ்வளவுதான் தின்பான்? கிட்டாரையும் எடுத்துட்டு வா."

ஆர்வில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு நடந்தார். வெர்னா பதறிப்போய் எழுந்தாள்.

"ஐயா, நான் இப்ப காத்துல என்ன போட?"

"முதல்ல மில் ஓடை லூதர் பேரைச் சரியாப் படி. அப்புறம் எதை வேணா போடு, எங்க தட்டை மட்டும் போடாதே. நாளைக்குக் காலைல நாங்களே வந்து பாடறோம்" என்று சொல்லிவிட்டு ஆர்வில் படியிறங்கினார்.